ஃப்ரண்ட் லோடு மெஷினில் தண்ணீர் பாதியில் நின்றுவிடுகிறது, ஃபில்டர் சுத்தம் செய்தும் பயனில்லை

மாடிவீட்டு மைனா | சனி, காலை 9:40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மெஷின் ஃப்ரண்ட் லோடு, 7 கிலோ. வாங்கி ஐந்து வருடம் ஆகிறது, வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. வீடு தாம்பரம் பக்கம், இரண்டாவது மாடி, போர் தண்ணீர்.

போன மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து, அதாவது மூன்று வாரமாக, துவைத்த தண்ணீர் முழுசாக வெளியே போவதில்லை. கொஞ்சம் போகும், அப்புறம் நின்றுவிடும். மெஷின் சில நிமிடம் முனகிவிட்டுத் திரையில் கோளாறு எழுத்தைக் காட்டிக் கூவ ஆரம்பிக்கும். நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் இன்னும் கொஞ்சம் போகும். இப்படி நாலைந்து தடவை செய்தால்தான் ஸ்பின்னுக்கே வருகிறது. நேற்று பெட்ஷீட் போட்டேன், கதவைத் திறக்க முடியாமல் இரவு பதினொரு மணி வரை அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது வழி சொல்லுங்கள்.

கரிசல்காடு | சனி, காலை 10:05

கீழே வலது மூலையில் சின்ன மூடி இருக்குமே, அதைத் திறந்து ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தீர்களா? பத்துக்கு எட்டு கேஸ் அதுதான். எங்கள் மாமா வீட்டில் அதற்குள்ளிருந்து ஒரு மூக்குத்தித் திருகாணி கிடைத்தது, ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மாடிவீட்டு மைனா | சனி, காலை 10:22

தலைப்பிலேயே எழுதியிருக்கிறேனே! பார்த்தாயிற்று, இரண்டு தடவை. இரண்டு ஒரு ரூபாய்க் காசு, ஒரு சட்டைப் பொத்தான், பஸ் டிக்கெட் கூழ், ஒரு ஊக்கு. எல்லாம் எடுத்துக் கழுவி மாட்டியும் அதே கதை.

திருப்புளி | சனி, காலை 11:10

மேடம், இருபது வருடம் இந்த வேலை பார்த்தவன், இப்போது கடையை மகனிடம் விட்டுவிட்டேன். எதையும் கழற்றுவதற்கு முன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். ஸ்பின் மட்டும் ஓடும் ப்ரோகிராம் வைத்துவிட்டு, மெஷினின் கீழ்ப்பக்கம் காதை வையுங்கள்.

சத்தமே இல்லையென்றால் பம்புக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது பம்ப் மோட்டாரின் காயில், அதாவது கம்பிச்சுருள், போய்விட்டது. கனமாக ஒரே சுதியில் "ம்ம்ம்" என்று முனகி, தண்ணீர் ஒரு சொட்டும் நகரவில்லையென்றால் பம்பின் விசிறி எதிலோ சிக்கி நிற்கிறது. கொண்டை ஊசி, உள்ளாடைக் கம்பி, நூல் கற்றை, இப்படி ஏதாவது. பம்ப் நன்றாக ஓடும் சத்தம் வருகிறது, ஆனால் தண்ணீர் போகவில்லை என்றால் பம்புக்கு முன்னாலோ பின்னாலோ வழி அடைத்திருக்கிறது. இந்த மூன்றில் எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஃபில்டரைக் கழற்றிய ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், விசிறி தெரியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான், சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேண்டாம். விரலால் சுற்றினால் ஒரே சீராகச் சுற்றாது, தடுக்கித் தடுக்கிச் சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி, அதைக் கெட்டுப்போனது என்று நினைத்துவிடாதீர்கள். தடுக்கலே இல்லாமல் காற்றாடி மாதிரி வழுக்கிச் சுற்றினால்தான் விசிறி தண்டிலிருந்து விடுபட்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து பக்கெட் டெஸ்ட். டிரெய்ன் ஹோஸை, அதாவது அழுக்குத் தண்ணீர் வெளியேறும் குழாயை, சுவர்க் குழாயிலிருந்து உருவி, பெரிய பக்கெட்டில் விட்டு ஓட்டிப் பாருங்கள். ஆரோக்கியமான பம்ப் என்றால் 15 லிட்டர் பக்கெட் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்பின் நிறைந்துவிடும். பக்கெட்டில் நன்றாக விழுகிறது, சுவர்க் குழாயில் விட்டால் மட்டும் நிற்கிறது என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள், பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

நெய்தல் | சனி, பகல் 12:30

எங்களுக்கு நடந்தது அதேதான். பால்கனி நானி டிராப்பில், அதாவது தரையில் தண்ணீர் இறங்கும் ஜாலி வாயில், ஹோஸைச் செருகி வைத்திருந்தோம். மேல்வீட்டுத் தண்ணீரும் அதே குழாயில் வருகிறது. அவர்கள் துவைக்கும் நேரத்தில் நாங்களும் துவைத்தால் எங்கள் மெஷின் கோளாறு காட்டும், இல்லையென்றால் காட்டாது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. கடைசியில் பிளம்பர் வந்து ஸ்பிரிங் விட்டுக் குடைந்ததில் ஒரு பந்து முடியும் பஞ்சும் வந்தது, பார்க்கச் செத்த எலி மாதிரி இருந்தது.

எலி என்றதும் இன்னொன்று. ஹோஸை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். மெஷினின் அடித்தட்டு எங்கள் பக்கம் பாதி மாடல்களில் திறந்தே கிடக்கிறது. கடித்திருந்தால் தண்ணீர் வெளியே போகாமல் அடியில் ஒழுகும்.

சோடாபாட்டில் | சனி, மதியம் 1:15

சிம்பிள். டிரம்மில் அரை லிட்டர் வினிகரும் நாலு ஸ்பூன் ஆப்ப சோடாவும் போட்டு வெந்நீரில் ஓட்டுங்கள். நுரைத்துக்கொண்டு எல்லா அடைப்பையும் தள்ளிவிடும். அதற்கும் போகவில்லையென்றால் பாத்ரூம் ஆசிட் கொஞ்சம்.

திருப்புளி | சனி, மதியம் 2:00

ஐயா, சோடாவும் வினிகரும் சேர்ந்தால் நுரைப்பது உண்மை. நுரைத்து முடிந்ததும் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு வெறும் உப்புத் தண்ணீர்தான் மிச்சம். காசையும் ஊக்கையும் அது தள்ளாது. உப்புப் படிவு எடுக்க வேண்டுமென்றால் சிட்ரிக் ஆசிட், எலுமிச்சை உப்பு என்று கடையில் கிடைப்பது, அதைத் தனியாகப் போட்டு வெந்நீரில் ஓட்டலாம். பிளீச்சோடு மட்டும் சேர்க்கக் கூடாது. ஆனால் இந்த மேடத்தின் பிரச்சினைக்கு அது மருந்தில்லை.

பாத்ரூம் ஆசிட் கண்டிப்பாக வேண்டாம். டிரம்மின் பின்னால் தாங்கி நிற்கும் மூன்று கை பிராக்கெட் பெரும்பாலும் அலுமினியம். ஆசிட் அதைத் தின்றுவிட்டால் டிரம்மே ஆடி விழும். அப்படி வந்த மெஷின்களைக் கையால் தொட்டவன் நான்.

மாடிவீட்டு மைனா | சனி, மாலை 6:45

மதியம் கம்பெனி சர்வீஸ் ஆள் வந்தார். (நேற்றே பதிவு செய்திருந்தேன்.) அஞ்சு நிமிடம் பார்த்தார். ஃபில்டரைத் திறந்தார், மூடினார். டிரெய்ன் போட்டார், தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "பம்ப் ஓகே, ஹோஸ் ஓகே, அப்படியென்றால் போர்டு போச்சு" என்றார். மெஷினை இயக்கும் அந்த எலக்ட்ரானிக் போர்டு 8,400 ரூபாய், வர ஒரு வாரமாகும். பார்த்ததற்கு மட்டும் 450. அப்பா, "புது மெஷினே வாங்கிவிடலாம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

திருப்புளி | சனி, மாலை 7:20

அவசரப்பட வேண்டாம். போர்டின் வேலை இந்த இடத்தில் இரண்டே இரண்டு. ஒன்று, பம்புக்குக் கரண்ட் கொடுப்பது. பம்ப் ஓடுகிறது என்று அவரே சொல்கிறார், அப்படியென்றால் கரண்ட் வருகிறது. இரண்டு, தண்ணீர் இறங்கிவிட்டதா என்று பார்ப்பது. சில நிமிடம் காத்திருந்தும் நீர்மட்டம் இறங்கவில்லையென்றால்தான் அந்தக் கோளாறு எழுத்து வரும். எல்ஜியில் ஓஇ, சாம்சங்கில் 5சி அல்லது 5இ, பாஷில் இ18, எழுத்து மாறினாலும் எல்லாமே சொல்வது "தண்ணீர் இறங்கவில்லை" என்பதைத்தான். உங்கள் வீட்டில் நிஜமாகவே டிரம்மில் தண்ணீர் நிற்கிறது. போர்டு உண்மையைத்தான் சொல்கிறது, உண்மை சொன்னவனை ஏன் மாற்ற வேண்டும்?

ரிலே | சனி, இரவு 8:02

திருப்புளி சார் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். டிரம் காலியாக இருந்தும் அதே கோளாறு வந்தால் அது வேறு கதை. தண்ணீர் மட்டம் அளக்க மெஷினுக்குள் மிதவை கிதவை கிடையாது. டப்பின், அதாவது டிரம்மைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் வெளித்தொட்டியின், அடியிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் மேலே பிரஷர் சென்சாருக்குப் போகிறது. தண்ணீர் ஏறும்போது குழாயில் மாட்டிக்கொண்ட காற்று அழுந்தும், அந்த அழுத்தம்தான் அளவு. குழாயின் அடிவாயில் சோப்புக் களிம்பு அடைத்தால் தண்ணீர் போன பிறகும் காற்று அழுந்தியபடியே நிற்கும். மெஷின் இன்னும் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொண்டு காற்றையே இறைத்துக்கொண்டிருக்கும். என் மெஷினில் இதுதான் ஆனது. குழாயைச் சென்சார் பக்கம் கழற்றிவிட்டு வாயால் மெல்ல ஊதினேன், டப்புக்குள் குமிழி வெடிக்கும் சத்தம் கேட்டது, அதோடு சரி. சென்சார் மாட்டிய நிலையில் ஊதக் கூடாது, அது மெல்லிய சாமான்.

மைனா அவர்களுக்குத் தண்ணீர் உள்ளேயே நிற்பதால் இது இல்லை என்று நினைக்கிறேன். பம்ப் சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரில் பாருங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பம்பின் இரண்டு பின்னுக்கும் நடுவே நூற்றுச் சொச்சம் ஓம் காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது.

கரிசல்காடு | சனி, இரவு 8:30

நடுவில் என் சந்தேகம், மன்னிக்கவும். எங்களுடையது டாப் லோடு, ஃபுல்லி ஆட்டோமேட்டிக். தண்ணீர் ரொம்ப மெதுவாகப் போகிறது. ஃபில்டர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஹோஸை வராந்தாத் திண்டுக்கு மேலே எடுத்து வாசல் பக்கம் விட்டிருக்கிறேன்.

திருப்புளி | சனி, இரவு 8:48

அண்ணே, திண்டுக்கு மேலே விட்டதுதான் தப்பு. நம் ஊரில் விற்கும் டாப் லோடுகளில் பெரும்பாலானவற்றில் பம்பே கிடையாது. அடியில் ஒரு வால்வு, அதை இழுத்துத் திறக்க ஒரு குட்டி மோட்டார். வால்வு திறந்ததும் தண்ணீர் தன் பாட்டுக்குப் பள்ளத்தை நோக்கி ஓட வேண்டியதுதான். ஹோஸ் தரையோடு கிடக்க வேண்டும். நடுவில் ஒரு ஜாண் மேடு வந்தாலும் மேட்டைத் தாண்டும் வரைதான் போகும், மிச்சம் டப்பில் நிற்கும். ஃப்ரண்ட் லோடில் இதற்கு நேர் எதிர். அதற்குப் பம்ப் உண்டு, ஹோஸ் வாய் தரையிலிருந்து இரண்டு அடிக்கு மேல், மூன்றடிக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம். கீழே போட்டுவிட்டால் தண்ணீர் ஏறும்போதே சைஃபன் பிடித்து ஓடிவிடும், மெஷின் நிரம்பவே நிரம்பாது. இரண்டு வகையும் ஒரே வீட்டில் மாற்றி வாங்குகிறவர்கள் பழைய ஹோஸ் இடத்திலேயே மாட்டிவிட்டு என்னைக் கூப்பிடுவார்கள்.

கரிசல்காடு | ஞாயிறு, காலை 7:15

அண்ணே, திண்டில் கீழே ஒரு ஓட்டை போட்டு ஹோஸைத் தரையோடு விட்டேன். ஓடை மாதிரி ஓடுகிறது. மூன்று வருடமாக மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மாடிவீட்டு மைனா | ஞாயிறு, காலை 9:30

பக்கெட் டெஸ்ட் செய்தேன். தம்பி ஹோஸைப் பிடித்துக்கொண்டான். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

போட்டவுடன் தண்ணீர் பீறிட்டு வந்தது, தம்பி கை நழுவி அவன் லுங்கியெல்லாம் நனைந்தது. நான்கு அல்லது ஐந்து நொடி அப்படி. அதன் பிறகு சட்டென்று மெலிந்து, பென்சில் கனத்துக்கு வந்து, அப்புறம் சொட்டு. பம்ப் சத்தமும் மாறியது. முதலில் கனமாக இருந்தது, பிறகு உள்ளே ஒன்றுமில்லாத மாதிரி லேசாகக் கடகடவென்று. கதவுக் கண்ணாடியில் தண்ணீர் கால்வாசி அப்படியே நிற்கிறது. நிறுத்தி அரை நிமிடம் விட்டுப் போட்டால் மறுபடி ஐந்து நொடி பீறிடுகிறது, மறுபடி மெலிகிறது. ஆறு தடவையும் இதேதான்.

சர்வீஸ் ஆள் அந்த முதல் ஐந்து நொடியை மட்டும்தான் பார்த்தார் என்று இப்போது புரிகிறது.

நுரை இருக்குமோ என்று யோசித்தேன், ஆனால் நான் ஃப்ரண்ட் லோடு லிக்விட்தான் போடுகிறேன், தண்ணீரில் நுரையே இல்லை.

திருப்புளி | ஞாயிறு, காலை 10:05

இதை நேற்றே எழுதியிருந்தால் நேற்றே சொல்லியிருப்பேன்!

மேடம், உங்கள் பம்ப் தங்கம். பம்புக்கு முன்னால், டப்புக்கும் பம்புக்கும் நடுவில் தடியான ரப்பர்க் குழாய் ஒன்று உண்டு, மடிப்பு மடிப்பாக, பெல்லோஸ் என்போம். அதற்குள் ஏதோ ஒரு மெல்லிய சாமான் மிதக்கிறது. பம்ப் உறிஞ்ச ஆரம்பித்ததும் தண்ணீர் வருகிறது, கூடவே அந்தச் சாமானும் இழுபட்டு வந்து பம்பின் வாயில் ஒட்டிக்கொள்கிறது. கதவு சாத்திய மாதிரி. பம்பை நிறுத்தினால் உறிஞ்சல் விடுகிறது, சாமான் தளர்ந்து மேலே மிதக்கிறது. மறுபடி போட்டால் மறுபடி ஐந்து நொடி. காசோ ஊக்கோ இப்படி நடந்துகொள்ளாது, அவை கீழே விழுந்து ஃபில்டருக்கு வந்துவிடும். இது துணியோ பிளாஸ்டிக்கோ. பெரும்பாலும் குழந்தை சாக்ஸ், கைக்குட்டை. கதவு ரப்பருக்கும் டிரம் விளிம்புக்கும் நடுவே இருக்கும் சந்து வழியாகத்தான் உள்ளே போகும், டிரம்மை அமுக்கி நிரப்பும்போது.

நுரையைப் பற்றி யோசித்தது சரிதான். பக்கெட்டில் துவைக்கும் பவுடரை ஃப்ரண்ட் லோடில் கொட்டுபவர்கள் நிறைய. பம்பால் நுரையைத் தள்ள முடியாது, அதே மாதிரி லேசான சத்தம்தான் வரும். ஆனால் அதில் இப்படி நொடி பிசகாமல் திரும்பத் திரும்ப நடக்காது.

மாடிவீட்டு மைனா | ஞாயிறு, காலை 10:20

அதை நானும் தம்பியும் எடுக்க முடியுமா சார்? வீட்டில் குழந்தையே இல்லை, சாக்ஸ் போடுகிறவர்களும் இல்லை.

திருப்புளி | ஞாயிறு, காலை 10:50

இரண்டு பேர் இருந்தால் முடியும். பிளக்கையும் பிடுங்கி, தண்ணீர்க் குழாயையும் மூடுங்கள். ஃபில்டர் பக்கத்துச் சின்ன ரப்பர்க் குழாயின் மூடியைக் கழற்றி மிச்சத் தண்ணீரை வடியுங்கள். பக்கெட் அடியில் போகாது, முறத்தை வையுங்கள், முறம்தான் இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். சோப்பு டிரேயை வெளியே உருவிவிடுங்கள், இல்லையென்றால் சாய்க்கும்போது அதிலிருக்கும் தண்ணீர் போர்டு மேல் வடியும். அந்த 8,400 உண்மையாகிவிடும்.

பிறகு பழைய மெத்தையோ போர்வையோ விரித்து மெஷினைப் பின்பக்கமாகச் சாய்த்துச் சுவரில் முட்டுக் கொடுங்கள். 60 கிலோவுக்கு மேல் கனம், உள்ளே கான்கிரீட் கட்டி இருக்கிறது. தம்பி பிடியை விடவே கூடாது. அடியில் கைவிட்டால் பெல்லோஸ் தெரியும். ஸ்பிரிங் கிளிப்பைக் கொறடால் அமுக்கி நகர்த்திக் குழாயை உருவுங்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பந்து இருந்தால் அது மெஷினோடு வந்தது, சோப்பு வீணாகாமல் தடுப்பதற்காக. அதை எறிந்துவிடாதீர்கள். ஒருவர் எறிந்துவிட்டு என்னிடம் வந்திருக்கிறார்.

அடித்தட்டு மூடிய மாடலாக இருந்தாலோ தைரியம் இல்லாவிட்டாலோ தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டு "பெல்லோஸ் கழற்றிப் பார்க்கணும்" என்று மட்டும் சொல்லுங்கள். வேறு எதுவும் சொல்லாதீர்கள்.

நெய்தல் | ஞாயிறு, காலை 11:15

கையில் ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள் அக்கா. அடித்தகடு விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். வாசனையும் தாங்காது.

மாடிவீட்டு மைனா | ஞாயிறு, மதியம் 3:40

எடுத்துவிட்டோம்!!

சாய்த்தது அரை மணி நேரம், கிளிப்போடு போராடியது ஒரு மணி நேரம். குழாயை உருவியதும் கறுப்பாகக் களிம்பு வழிந்தது, ஊறப்போட்டு மறந்த தரைத்துணி நாற்றம். பந்து இருந்தது, பத்திரமாக வைத்தேன். அதற்கு மேல் டார்ச் அடித்தும் ஒன்றும் தெரியவில்லை. தம்பி, "காலிதான்க்கா, மூடிடலாம்" என்றான். சும்மா விரலை விட்டுத் துழாவினேன். மடிப்பு ஒன்றில் வழுவழுவென்று ஏதோ தட்டியது. இழுத்தால் நீளமாக வருகிறது. கழுவிப் பார்த்தால் பிளாஸ்டிக் கவர். கண்ணாடி மாதிரித் தெளிவானது, அதனால்தான் டார்ச்சில் தெரியவில்லை. உள்ளங்கை அகலம், ஒரு ஓரத்தில் மட்டும் முருகன் படம் பாதி அழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

போன மாதம் ஊருக்குப் போனோம் என்றேனே, பழனிக்குத்தான். அப்பா சட்டைப் பையில் விபூதிப் பாக்கெட் வைத்தபடியே சட்டையைத் துவைக்கப் போட்டிருக்கிறார்.

எல்லாவற்றையும் மாட்டி, பக்கெட் டெஸ்ட் மறுபடி செய்தேன். நிற்காமல் விழுந்தது, பக்கெட் நிறைந்து வழிந்தது. இப்போது பெட்ஷீட் ஓடிக்கொண்டிருக்கிறது. அடியில் ஒழுக்கு இருக்கிறதா என்று காகிதம் விரித்து வைத்திருக்கிறேன், இதுவரை காய்ந்தே இருக்கிறது. திருப்புளி சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

திருப்புளி | ஞாயிறு, மாலை 4:05

சந்தோஷம் மேடம். விரல் விட்டுப் பார்த்தீர்கள் பாருங்கள், அதுதான் வேலை. கிளிப்பைப் பழைய தடத்திலேயே உட்கார வைத்தீர்களா? நாளைக்கும் ஒரு தடவை காகிதத்தைப் பாருங்கள். ஸ்பின் அதிர்வில் ஒரு நாள் கழித்து ஒழுகுவதும் உண்டு.

ரிலே | ஞாயிறு, மாலை 4:30

சாக்ஸ் என்று பந்தயம் கட்டியிருந்தேன், தோற்றேன். தலைப்பில் "தீர்ந்தது" என்று சேர்த்துவிடுங்கள், தேடி வருகிறவர்களுக்கு உதவும். அந்த ஐந்து நொடிக் கணக்கு எழுதிய பதிவையும் மேலே பொருத்தி வைக்கலாம்.

கரிசல்காடு | ஞாயிறு, மாலை 5:10

கவர் கிடைத்தது சரி, அதிலிருந்த விபூதி எங்கே போனது?

மாடிவீட்டு மைனா | திங்கள், காலை 8:15

அதையேதான் அப்பாவும் கேட்டார். மூன்று வாரமாக எல்லோர் துணியிலும் இருந்திருக்கிறது என்று சொன்னேன். "அப்போ 450 ரூபாய் காணிக்கை" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சார், காகிதம் இன்று காலையும் காய்ந்தே இருக்கிறது.